ஒரு தட்டு, இரண்டு தட்டு

மாசி பிறந்தால் பால்மரமெல்லாம் மொட்டை.
கோலா கெட்டிலில் எஞ்சிய ஒரு துண்டு கித்தாக் காட்டில்
எங்கே மிதித்தாலும் அப்பளம் நொறுங்கும்.
காட்டுக்கோழிக்கு அந்தச் சருகு காவல்காரன்.
எழுபத்தொரு வயதுக் காலுக்கு எதிரி.

லைசன்ஸில் இரண்டு கோழி என்று எழுதியிருக்கிறது.
போன வருஷம் ஒன்று.
அதற்கு முந்திய வருஷம் வெறும் தோள்வலி.
புதுச் சாலைக்கு மண் எடுத்தவர்கள்
மூங்கில் புதரையும் லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள்.
மரமும் கை விரித்துவிட்டது:
மங்கில் விழுவது ஒரு வாய் எச்சில்.
ஒட்டுப்பாலைச் சுரண்டி விற்று
ஒரு பொட்டலம் மைலோ வாங்கினேன்,
லோஷினிக்கு.

மகளின் மகள். பதினொரு வயது.
சுங்கை பட்டாணி தொழிற்சாலையில் அவள் அம்மாவுக்கு
ராத்திரி வேலை, வாடகை அறையில் ஆறு பேர்.
பிள்ளை என்னிடம் வந்தாள்,
ஒரு பள்ளிப்பை, ஒரு தலையணை.

என் இடது காது தோட்டத்து மிஷின் ஸ்டோரிலேயே
ஓய்வு பெற்றுவிட்டது.
வலது காது நினைத்தால் வேலைக்கு வரும்.
ஆகவே எங்களுக்குள் ஒப்பந்தம்:
கோழி தூரத்தில் கூவினால் என் முழங்காலில் ஒரு தட்டு.
கிட்டே என்றால் இரண்டு.
பேசக்கூடாது. தும்மலை விழுங்கலாம்.

கமுகம்பாளையை மடித்துத் தொடையில் அடிப்பேன்,
பட், பட், படபடபட,
இன்னொரு சேவல் சிறகடித்து
வாடா பார்க்கலாம் என்பதுபோல.

முதல் ஞாயிறு கொசு வந்தது.
இரண்டாம் ஞாயிறு ஒரு வங்காளதேசத்துப் பையன்
டார்ச் லைட்டோடு வந்து
எங்களைவிட அதிகமாகப் பயந்தான்.
மூன்றாம் ஞாயிறு லோஷினி தூங்கிவிட்டாள்,
முழங்கால்மேல் வைத்த கை வைத்தபடி.
நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.
யாராவது பதில் சொன்னார்களோ என்னவோ.

நான்காம் ஞாயிறு
ஒரு தட்டு.
பாளையை அடித்தேன்.
வெகுநேரம் கழித்து இன்னும் ஒன்று.
என் காதில் பஞ்சுதான்.
பிறகு இரண்டு.
பிறகு எண்ண முடியவில்லை,
அவள் விரல்களே கோழியாகி
என் முட்டியைக் கொத்தின.

சருகு நடுவே நெருப்பு.
கழுத்து பொன், வால் கரும்பச்சை,
காதருகே வெள்ளைப் பொட்டு, எல்லாம் சரி.
கால்?
காட்டுக்கோழிக்கு ஈயச் சாம்பல் கால்.
இதற்கு மஞ்சள்.
அதிலும் ஒன்றில் சிவப்பு நைலான் கயிறு,
யாரோ கட்டி, அறுந்து.

லயத்தில் பிறந்து ஓடி வந்ததா,
காட்டில் பிறந்து பிடிபட்டுத் தப்பியதா?
அது என்னைப் பார்க்கவில்லை.
பாளையைத்தான் முறைத்தது.
சுடலாமா என்றன லோஷினியின் கண்கள்.
லைசன்ஸில் இதற்குப் பெயரில்லை.
மார்க்கெட்டில் ஒரு கோழி இருபது வெள்ளி,
அதுவும் ஞாபகம் வந்தது, பொய் சொல்லமாட்டேன்.
விரல் விசைமேல்தான் இருந்தது.

அலகைத் திறந்தது, மூடியது,
திரும்பி நடந்தது.
சருகு சத்தம் போட்டிருக்கும்.

பசியாறக் கடைக்குப் போகிற வழியில் அவள் சொன்னாள்:
"கடைசியில நீட்டல தாத்தா.
வெட்டுன மாதிரி நின்னுருச்சி."
அப்படி வெட்டிக் கூவுவது காடு.
கால் வீடு.
சைக்கிளை நிறுத்திக் கொஞ்சம் நின்றேன்.
ஒரு ரொட்டி சானாய், பாதி பாதி.

அன்றிரவு டிவியில் யாரோ வாயசைத்துக்கொண்டிருக்க
என் முழங்காலில் ஒரு தட்டு.
அவள் டிவியைப் பார்க்கவில்லை,
கதவைப் பார்த்தாள்.
கொஞ்ச நேரத்தில்
இரண்டு.
எழுந்துபோய் வெளிவிளக்கைப் போட்டேன்.

தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றாள் என் மகள்,
மோட்டார் சூடு ஆறவில்லை,
கையில் கூப்பனுக்குக் கிடைத்த பொரித்த கோழி.
ஒரு காலை எடுத்து லோஷினி
விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நிறம் தெரியவில்லை.